விடு

குந்தா குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்
சீகை மரங்கள் முடிகிற சரிவு.
புரட்டாசி ஞாயிறு, ஏழு மணி.
மஞ்சு இன்னும் புல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை.
கிருபாவதி பெட்டியின் கயிற்றை அவிழ்க்கிறாள்.
வைக்கோலுக்குள் கருப்பாய்
நூற்றிருபது மண் தட்டுகள்,
ஊறுகாய்ச் சாடி மூடிகள் மாதிரி.

துப்பாக்கி முத்தண்ணா சாருடையது.
இருபத்தெட்டு போர்.
தோட்டா என் கட்டைவிரல் பருமன்கூட இல்லை.
'பன்னிரண்டு போர் உன் தப்பை மன்னிக்கும்,
இது மன்னிக்காது' என்று சொல்லித்தான் கொடுத்தார்.

போன மார்கழியில் எமரால்டு சதுப்பில்
பதின்மூன்று தோட்டா சுட்டேன்.
பதின்மூன்று உள்ளான்களும்
இப்போதும் எங்கேயோ நலமாயிருக்கின்றன.
திரும்பும்போது ஜீப்பில் யாரும் பேசவில்லை.
டிரைவர் போஜன் மட்டும்
மஞ்சூர் வளைவில் மெல்லச் சொன்னார்,
'சத்தம் நல்லா இருந்துச்சுங்க.'

'விடு' என்கிறேன்.
அவள் விடவில்லை.
முந்தானையைச் செருகுகிறாள்,
ஸ்வெட்டர் கையை மடித்துவிடுகிறாள்,
எறிகோலில் தட்டைப் பொருத்திவிட்டு
மலையைப் பார்க்கிறாள்.
தோள் வலித்து நான் குழலைத் தாழ்த்துகிற நொடியில்
போகிறது தட்டு.
அவசரமாய்ச் சுட்டேன்.
அது தன்பாட்டுக்குப் பறந்து
தேயிலைக்குள் விழுந்தது, முழுசாக.

'விடுன்னு சொன்ன உடனேதானே விடணும்?'
'உள்ளானுக்கு யார் சொல்லுவா?'

இப்படியே நாலு ஞாயிறு.
இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும்.
கன்னம் கட்டையோடு ஒட்டியிருக்க வேண்டும்.
கண் தட்டில், குழல் தட்டுக்கு ஒரு முழம் முன்னால்.
எல்லாம் தெரியும், எஞ்சினியர் நான்,
காகிதத்தில் படம் போட்டு
வேகம் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன்.
அவள்தான் பின்னாலிருந்து கண்டுபிடித்தாள்:
'பஸ்ஸைப் பிடிக்க ஓடுறவர் மாதிரி ஓடுறீங்க.
கிட்ட வந்ததும் நின்னுடறீங்க.
நிக்காதீங்க.'

நிற்கவில்லை.
முப்பத்து நாலாவது தட்டு
உடையக்கூட இல்லை.
இருந்த இடத்தில் ஒரு கரும்புகை,
கைப்பிடி அளவு.
காற்று வந்து கலைத்துக்கொண்டு போனது.
கீழே தேடிப் பார்த்தேன்,
பொறுக்குவதற்கு ஒன்றுமில்லை.

அன்றைக்கு அவளும் நாலு சுட்டாள்.
அதில் எத்தனை பட்டதென்று
இங்கே எழுதுவதாயில்லை.

மார்கழி.
சதுப்பின் ஓரத்தில் ஐஸ் கண்ணாடி,
பூட்ஸுக்கடியில் நொறுங்குகிறது.
துணி கிழிகிற சத்தத்தோடு
காலடியிலிருந்தே எழுந்தது உள்ளான்.
இடம், வலம், மறுபடி இடம்,
கையெழுத்துப் போடத் தெரியாதவன் போட்ட கையெழுத்து.
யாரும் விடு என்று சொல்லவில்லை.
நான் நிற்கவுமில்லை.

போஜன் கொண்டுவந்து கையில் வைத்தார்.
சூடாயிருந்தது.
உடம்புக்குப் பொருந்தாத நீள அலகு,
நுனியில் அதன் காலைச் சாப்பாட்டுச் சேறு.
எங்கேயும் உடையவில்லை.
தட்டு, பட்டால் இல்லாமல் போகும்.
தப்பினதுதான் முழுசாய்க் கிடைக்கும்.
மூன்று மாதம் அப்படிப் பழகிய கை
இந்த முழுசை ஏந்திக்கொண்டு
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றது.
முத்தண்ணா சார் முதுகில் தட்டினார்.
சிரித்தேன் போலிருக்கிறது.

ராத்திரி மிளகு தூக்கலாய்ப் பொரியல்.
ஆளுக்கு இரண்டு வாய் வந்தது.
அவள் மெல்லுவதை நிறுத்தி
நாக்கிலிருந்து ஒரு ரவையை எடுத்து
தட்டின் விளிம்பில் வைத்தாள்.
ணங் என்றது.
கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு.
அதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு
பெட்டியில் பதினேழு தட்டு மிச்சம்.
'விடு' என்றேன்.
முதல் தடவையாகச் சொன்ன உடனே விட்டாள்.
குழல் அதைத் தொட்டது, தாண்டியது,
ஒரு முழம் முன்னால் போனது,
அங்கே நின்றுவிட்டது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
ஈரத் தேயிலைக்குள் இறங்கி
அரை மணி நேரம் தேடினோம்.
அவள் கைக்குத்தான் அகப்பட்டது.
முழுசாக இருந்தது,
ஓரத்தில் கொஞ்சம் சேறு.